இரண்டாம் இலக்கக் கதிரை

போன மாதம் என் மருமகன் இணையத்தில் ஆறு கதிரைகள் வாங்கினார். "மாமா, நீங்கள் வேலை செய்த அதே இத்தாலியன் கதிரைதான்" என்று பெருமையோடு பெட்டியை உடைத்தார். பார்வைக்கு அதேதான். மெல்லிய கால்கள், கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்த முதுகு, பிரம்பு இருக்கை. ஒன்றைத் தூக்கி மேசையடியில் வைக்கப் போனேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் படுக்கையில் கிடந்தேன்.

அசல் கதிரையை இந்த எழுபது வயதிலும் என் சுண்டுவிரலால் தூக்குவேன். அது இரண்டு கிலோகூட வராது. இதை மருமகனுக்குச் சொன்னால் மனம் நோவார் என்று சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக உங்களுக்குச் சொல்கிறேன். பழைய மாணவர் சங்க மலருக்கு உங்கள் தொழில் அனுபவத்தை எழுதித் தாருங்கோ என்று மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். என்னோடு படித்தவர்களில் டாக்டர்மார் இருக்கிறார்கள், எஞ்சினியர்மார் இருக்கிறார்கள். நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் குந்துகிற இடத்தைப் பின்னியவன். எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். படுத்துக் கிடந்தபோதுதான் ஒன்று இருக்கிறது என்று நினைவு வந்தது.

பிரம்பு எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம். அப்போது அது வாத்தியாரின் கையில் இருந்தது. எண்பதுகளில் என்னை ஜேர்மனிக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரன் இத்தாலியில் இறக்கிவிட்டு, "இதுதான் ஜேர்மனி" என்று கைகாட்டிவிட்டுப் போனான். இரண்டு நாள் நம்பினேன். மூன்றாம் நாள் ஜெனோவாவுக்குக் கிழக்கே கியாவரி என்ற கடலோர ஊரில், ஒரு பட்டறையில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. அங்கே கிழவிகள் வாசலில் இருந்து கதிரைக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்து நானும் பின்னத் தொடங்கினேன். ஆறு வருடத்தில் தொழிலும், அரைகுறை இத்தாலியனும் படிந்தன.

அந்த ஊரில் இருநூறு வருடமாக மெல்லிய கதிரைதான் செய்கிறார்கள். ஐம்பதுகளில் மிலான் கட்டடக் கலைஞர் ஒருவர் அந்தக் கதிரையை முன்னால் வைத்து, இதில் எதையெல்லாம் கழிக்கலாம் என்று யோசித்தாராம். காலை முக்கோணமாகச் சீவினார், சட்டத்தை ஒடுக்கினார், இனிக் கழித்தால் கதிரை இல்லை என்ற இடத்தில் நிறுத்தினார். அப்படிப் பிறந்ததுதான் இன்று உலகமெல்லாம் பெயரெடுத்த கதிரை. நாலாம் மாடியிலிருந்து தெருவில் எறிந்து பார்த்தார்களாம். துள்ளி விழுந்ததாம், உடையவில்லையாம். கியாவரியில் இந்தக் கதையை எனக்குச் சொல்லாத ஆளும் இல்லை, எறிந்ததைக் கண்ணால் கண்ட ஆளும் இல்லை.

பிறகு லண்டன். மனோர் பார்க்கில் வீடு, ஷோர்டிச்சில் வேலை. பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தொலைபேசியில் 'நாதன்' என்று பெயர் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் 'நேதன்' என்று எழுதிக்கொண்டார். நேரில் போனபோது ஒரு வெள்ளைக்காரனை எதிர்பார்த்து என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் டெரிக். பழைய தளபாடங்களைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையின் தலைவர். சண்முகநாதன் என்ற என் முழுப்பெயரை அவர் கடைசிவரை உச்சரிக்கத் துணியவில்லை.

டெரிக் பேச மாட்டார். கதிரை வந்தால் அதைச் சுற்றி இரண்டு தரம் நடப்பார். குனிந்து விரல் முட்டியால் ஒவ்வொரு மூட்டிலும் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பார். எந்த மூட்டுக் கழன்றது என்று தட்டின சத்தத்திலேயே சொல்லிவிடுவார். வாடிக்கையாளரின் கதிரையில் ஒருநாளும் குந்த மாட்டார். மற்றவர்களையும் குந்த விடார். பட்டறையில் இருந்த இருபது, முப்பது கதிரைகளுக்கு நடுவே நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டே தேத்தண்ணி குடித்தோம். நான் பின்னிய முதல் இருக்கையை அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு மனவருத்தம் இல்லை" என்றார். வேலை போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லி அழாத குறை. அதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு என்று தெரிய ஒரு வருடம் சென்றது.

அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, நாம் செய்த எதையும் நாளைக்கு இன்னொருவர் அழிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு, செய்ததை எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும், கதிரையில் மட்டும் ஒரு புள்ளியும் விடக்கூடாது. "நாம் இங்கே வரவே இல்லை, நேதன்" என்பார்.

வேலையின் ஒழுங்கு இது. முதலில் பழைய பிரம்பை வெட்டி எடுத்து, சட்டத்தைத் துடைத்து, ஒருநாள் காயவிடுவோம். பிறகு டெரிக் தன் கையால், கண்ணை மூடிக்கொண்டு மரத்தைத் தடவித் தடவி மெழுகு பூசுவார். தேன்மெழுகோடு அவர் எதைக் கலந்தார் என்று யாருக்கும் தெரியாது. பூசினால் நேற்று வெட்டின மரமும் ஐம்பது வருடம் புழங்கினதுபோல் இருக்கும். அதற்குப் பிறகு என் முறை. பிரம்பைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். குறைய ஊறினால் முறியும், கூட ஊறினால் காய்ந்த பிறகு தொய்யும். பளபளப்பான பக்கம் மேலே வர, முதலில் முன்பின்னாகவும் பிறகு குறுக்காகவும் இழுத்து, ஒவ்வோர் இழையையும் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். முடித்ததும் தட்டினால் மிருதங்கத்தின் வலந்தலைபோல் கேட்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கிளார்க்கன்வெல்லில் இருந்த ரோசா என்ற இத்தாலியக் கைம்பெண்ணின் கதிரை பட்டறைக்கு வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு நான்தான் அதன் இருக்கையைப் பின்னிக் கொடுத்தேன். இப்போது வந்த காரணம் வேறு. பெரிய அருங்காட்சியகம் ஒன்று இத்தாலியத் தளபாடக் கண்காட்சி வைக்கப்போகிறது, அதற்கு இந்தக் கதிரையைக் கேட்டிருக்கிறார்கள்.

ரோசாவின் கணவர் ஆல்டோ இளவயதில் மிலான் பட்டறையில் தச்சராக இருந்தவர். அந்தப் புகழ்பெற்ற கதிரை உற்பத்திக்குப் போகுமுன் பரீட்சார்த்தமாகச் செய்த சிலவற்றில் ஒன்றைத் தன் கையால் செய்ததாகவும், பட்டறை அதைத் தனக்கே தந்ததாகவும் சொல்லிக்கொண்டிருப்பாராம். லண்டன் வந்து ஐஸ்கிறீம் விற்றவர் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவருடைய தம்பியே சாப்பாட்டு மேசையில் வைத்துச் சிரிப்பாராம். தமிழில் சொன்னால், 'அண்ணன் செய்தது கதிரை இல்லை, கதை' என்று. ஆல்டோ அந்தச் சிரிப்பைச் சுமந்தபடியே செத்துப்போனார். கண்காட்சியில் கதிரைக்குப் பக்கத்தில் அவர் பெயர் வரவேண்டும் என்பதுதான் ரோசாவின் ஒரே ஆசை. அதற்கு ஆதாரம் வேண்டும். கடதாசி ஒன்றும் கிடையாது.

அருங்காட்சியகத்திலிருந்து ஹெலன் என்ற நிபுணர் வந்தார். கதிரையைக் கவிழ்த்து, சின்ன ரோர்ச் லைற் அடித்து, கால் மணிநேரம் பார்த்தார். திடீரென்று, "டெரிக், இங்கே ஓர் இலக்கம் இருக்கிறது" என்றார். பின்சட்டத்தின் உட்பக்கத்தில், மூன்று வருடத்தில் இரண்டு பிரம்பிழை விலகியிருந்த இடத்தில், பென்சிலால் எழுதிய ஓர் இரண்டு. வால் கொஞ்சம் நீண்ட இரண்டு. டெரிக் பூதக்கண்ணாடியை எடுத்தார். வழக்கத்தை விட ஒருதரம் கூடச் சுற்றி வந்தார். "மெழுகுக்கு அடியில் இருக்கிறது. பழையது" என்றார்.

"இரண்டாம் இலக்கம்" என்றார் ஹெலன். "இரண்டாவது பரீட்சார்த்தக் கதிரை. அந்த வாலைப் பாருங்கள், என்ன ஒரு தன்னம்பிக்கை. வாழ்நாள் முழுக்க மரத்தில் இலக்கம் எழுதிய கை இது."

நானும் குனிந்து பார்த்தேன். அது இரண்டு இல்லை. அது என் பிள்ளையார் சுழி.

இதை விளக்க வேண்டும். கியாவரியில் நான் தனியாகப் பின்னிய முதல் கதிரையில் பிரம்பு ஏழு இடத்தில் முறிந்தது. இரண்டாவதுக்கு முதல், கடிதம் எழுதத் தொடங்குவதுபோல் ஒரு 'உ'வைப் போட்டுவிட்டுத் தொடங்கினேன். ஓர் இழைகூட முறியவில்லை. அன்று பிடித்த பழக்கம். லண்டனிலும் சட்டம் துடைத்துக் காய்ந்ததும், டெரிக் மெழுகு பூச வருமுன், உட்பக்கத்தில் சின்னதாக ஒன்று போட்டுவிடுவேன். மேலே பிரம்பு சுற்றி வந்து மூடிவிடும், ஒரு குருவிக்கும் தெரியாது. டெரிக்கின் இரண்டாவது சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் பிள்ளையாருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஹெலன் என் பக்கம் திரும்பினார். "நேதன், மூன்று வருடம் முன்பு நீங்கள் பின்னியபோது இந்த அடையாளத்தைக் கண்டீர்களா?"

"கண்டேன்."

"அப்போதே பென்சிலில்தான் இருந்ததா?"

"பென்சில்தான்."

"நீங்கள் இத்தாலியில் வேலை செய்தவர். அங்கே இரண்டை இப்படி எழுதுவார்களா?"

"ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள்."

மூன்றும் உண்மை. பொய் சொல்லாமல் உண்மையை மறைப்பதைக் குடிவரவு அதிகாரிகளுக்கு முன்னால் நான் ஏற்கெனவே பழகியிருந்தேன். ஹெலன் கொப்பியில், 'கியாவரியில் பயின்ற கைவினைஞர் உறுதிப்படுத்துகிறார்' என்று எழுதினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்குக் கத்துகிறது, நான் சும்மா நின்ற இடத்தில் கத்தினேன். டெரிக் தன் பெயரில் கையொப்பமிட்டு அறிக்கை எழுதுவதாக முடிவாயிற்று. அந்த மனிதர் ஒரு மூட்டைப் பற்றிக்கூடப் பிழையாகச் சொன்னதில்லை. இப்போது நான் கிறுக்கின ஒன்றுக்காக அவருடைய பெயர் நாறப்போகிறது.

வீட்டில் மனைவி யோகத்திடம் சொன்னேன். புட்டு அவித்துக்கொண்டிருந்தவள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதிரையில் இருந்து சிரித்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்கடை முருகன் கோயிலிலை ஒரு விளக்கு உபயத்துக்கே எத்தினை பேர் அடிபடுகினம். பிள்ளையாருக்கு வெள்ளைக்காரன் தானாக் கூப்பிட்டு மியூசியத்திலை இடம் குடுக்கிறான். நீங்கள் ஏன் குறுக்கை நிக்கிறியள்?"

"பகிடி விடாதையும். டெரிக்குக்குத் தெரிஞ்சால் வேலை போயிடும்."

"தெரியாட்டில்?"

"தெரியாட்டில் அந்த மனிசன் பொய்க்குக் கையெழுத்து வைக்கும்."

யோகம் சிரிப்பை நிற்பாட்டினாள். "அப்ப சொல்லுங்கோ. சாப்பிட்டிட்டு யோசிச்சால் சொல்ல ஏலாது. நாளைக்கு வெறும் வயித்தோடை போய்ச் சொல்லுங்கோ."

வெறும் வயிற்றோடுதான் போனேன். ஆனால் எனக்கு முன்பே ரோசா வந்து நின்றார். ஹெலன் முதல்நாளே அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். எண்பது வயது, மாதாகோவிலுக்குப் போகிற உடுப்பு, உதட்டில் சிவப்புச் சாயம். டெரிக்கும் ஹெலனும் கதிரையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். ரோசா தன் சுட்டுவிரலை அந்த 'உ'வின்மேல் வைத்தார். அந்த வாலை மெதுவாகத் தடவினார். பிறகு அந்த விரலை உதட்டில் வைத்து முத்தமிட்டார்.

"ஐம்பது வருடம் அவரோடு வாழ்ந்தேன்" என்று என்னிடம் இத்தாலியனில் சொன்னார். "அவருடைய கை பட்ட இடம் எது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது."

வேலை, டெரிக், அறிக்கை எல்லாம் எங்கேயோ போயின. அந்த மனுசி தன் புருஷன் என்று நினைத்து என் பென்சிலை முத்தமிடுகிறார். இதைவிடக் கேவலமான களவு ஒன்றை நான் செய்ததில்லை என்று பட்டது. மற்ற இருவருக்கும் விளங்காத இத்தாலியனில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். இத்தாலியனில் பிள்ளையாருக்கு என்ன சொல் என்று தெரியவில்லை. "யானைத் தலை, பெரிய வயிறு, நல்லவர், எதையும் தொடங்குமுன் அவரைக் கும்பிட வேண்டும்" என்று கையால் தும்பிக்கை காட்டி விளக்கினேன். ஹெலன் என் கையைப் பார்த்துப் பயந்து ஓரடி பின்னுக்குப் போனார்.

ரோசா அந்த 'உ'வை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு ஹெலனைப் பார்த்து ஆங்கிலத்தில், "இது இரண்டு இல்லை. ஒரு யானை" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஆங்கிலத்திலும் முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ஹெலன் கொப்பியை மூடினார். டெரிக்கின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எத்தனை கதிரையில்?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாத்திலும்."

டெரிக் முதல் தடவையாக, பக்கத்தில் இருந்த ஒரு வாடிக்கையாளரின் கதிரையில் குந்தினார். அவருக்குத் தெரியாமலே நடந்தது. குந்தியபடியே கையை நீட்டிப் பழைய பதிவேட்டை எடுத்தார். மூன்று வருடத்துக்கு முந்திய பக்கத்தை விரித்து, நான் என் ஓட்டை ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை உரக்க வாசித்தார். 'இருக்கைச் சட்டத்தில் பிரம்பு பதியும் தவாளிப்புகள் சமமில்லை. இயந்திரம் வெட்டியது அல்ல, கையால் வெட்டியது. பின்கால்களில் சீவல் தழும்பு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது.' அந்தத் தவாளிப்புகளால் எனக்கு இரண்டு நாள் வேலை கூடியது. செய்தவன் எவனோ என்று தமிழில் திட்டித் திட்டிப் பின்னியதும் நினைவிருக்கிறது. அதைப் பதிவேட்டில் எழுதவில்லை.

டெரிக் எழுந்து ரோசாவின் கதிரையின் ஒரு பின்காலை விரலால் தடவினார். பிறகு ரோசாவைக் கேட்டார்: "உங்கள் கணவருக்கு எந்தக் கைப் பழக்கம்?"

ரோசா இடக்கையைத் தூக்கினார். "பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிமார் கட்டிப்போட்டும் பார்த்தார்கள். சரிவரவில்லை."

எல்லாரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குச் சந்தேகமே இல்லை. நான் திட்டித் தீர்த்த ஆள் ஆல்டோதான். ஹெலனும் கொப்பியைத் திரும்பத் திறந்தார். உற்பத்திக்கு முன்னர் கையால் செய்த பரீட்சார்த்தக் கதிரை, செய்தவர் இடக்கைக்காரர், இவ்வளவையும் தன்னால் எழுத முடியும் என்றார். பெயரை எழுத முடியாது. "இத்தாலியில் இடக்கைக்காரர்கள் நிறையப் பேர், திருமதி. எனக்கு ஒரு கடதாசியாவது வேண்டும்." அவர் சொன்னதில் பிழையில்லை. ரோசா தலையாட்டினார். ஆனால் அவருடைய தோள் விழுந்ததை நான் கண்டேன்.

அறிக்கைக்காக டெரிக் அடுத்து அந்த 'உ'வை அழிக்கச் சொல்வார் என்று நினைத்து ரப்பரை எடுத்தேன். ரோசா என் கையைப் பிடித்தார்.

"நீ ஏதாவது எழுதத் தொடங்குமுன்தானே இதைப் போடுவாய்?"

"ஓம், சின்யோரா."

"அப்படியென்றால் இதற்குக் கீழே ஏன் ஒன்றும் இல்லை?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. டெரிக்குக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே, இன்றோடு என் வேலை சரி என்று நினைத்தேன். டெரிக் கதிரையைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்துத் தீட்டினார். "உன்னுடையது மரத்தைக் கீறும்" என்றார். "இது மென்மையானது. அழிக்கலாம்."

ஹெலன் தனக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க வேண்டும் என்று வெளியே போனார். கைத்தொலைபேசி மேசையிலேயே கிடந்தது.

கதிரையை நிமிர்த்தி வைத்து, நான் அடியில் படுத்துக்கொண்டு, இழை விலகிய அந்த இடத்தில் 'உ'வுக்குக் கீழே தமிழில் 'ஆல்டோ' என்று எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால் யாராவது நிபுணர் கண்டுபிடித்து ஆதாரம் என்று துள்ளுவார். தமிழில் எழுதினால் அது எங்களுக்குள் இருக்கும். படுத்தபடி எழுதியதில் 'டோ'வின் துணைக்கால் கொஞ்சம் வளைந்தது. டெரிக் பதிவேட்டை எடுத்து எழுதினார்: 'பின்சட்டம், உட்பக்கம். தமிழில் ஒரு சொல். மொழிபெயர்க்கப்படவில்லை.'

வேலை போகவில்லை. தண்டனை மட்டும் கிடைத்தது. அதுவரை நான் பின்னிய எல்லாக் கதிரைகளையும் பட்டியலிட வேண்டும், ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் டெரிக் தொலைபேசியில் தெரிவிப்பார். இரண்டு கிழமையாகப் பட்டறையில் அவருடைய குரல்தான். "மன்னிக்க வேண்டும், உங்கள் கதிரைக்கு அடியில் ஒரு கடவுள் இருக்கிறார். அழித்துத் தரட்டுமா?" ஒருவரும் அழிக்கச் சம்மதிக்கவில்லை. ஹாம்ஸ்டெட்டில் ஒரு அம்மா மட்டும், தனக்கு நாலு கதிரை இருக்க மூன்றுக்குத்தான் கடவுளைப் போட்டிருக்கிறான் என்று முறைப்பாடு செய்தார். நாலாவது வேறு கடையில் பின்னியது.

கண்காட்சி திறந்து சில மாதம் கழித்து ரோசா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கதிரையை ஒரு தாழ்வான மேடையில் வைத்திருந்தார்கள். பக்கத்துப் பலகையில், 'பரீட்சார்த்தக் கதிரை. இடக்கைக்காரர் ஒருவர் செய்தது. பெயர் தெரியவில்லை' என்று இருந்தது. ரோசா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, அந்த வயதில், அந்தச் சீமாட்டி உடுப்போடு, கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்து குனிந்து அடியை எட்டிப் பார்த்தார். குனிந்தவரால் எழும்ப முடியவில்லை.

காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், கறுத்தக் கோட்டு, காதில் வயர். "மேடம், தயவுசெய்து" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே அவரைத் தூக்கக் குனிந்தவர், குனிந்தபடி அப்படியே நின்றார். நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"இதுக்குக் கீழை பிள்ளையார் சுழி போட்டுத் தமிழிலை பேர் எழுதிக் கிடக்கு. நாலு மாதமா இதுக்குப் பக்கத்திலைதான் நிக்கிறன், ஒருத்தரும் சொல்லேல்லை." இன்னொரு தரம் குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஆல்டோ. ஆர் அண்ணை இது? எங்கடை ஆளோ?"

எங்கள் பேச்சில் அந்த ஒரு சொல் மட்டும் ரோசாவுக்குப் பிடிபட்டது. முழங்காலில் இருந்தபடியே தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். கணவரின் பெயரை அந்தக் கதிரையிலிருந்து ஒரு அந்நியர் வாசித்ததை அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

"ஓம்" என்றேன் நான். "எங்கடை ஆள்தான்."